293318625600: பன்னிரண்டு இலக்க எண்ணை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிப்பது எப்படி?

293318625600. இந்த எண்ணை முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு இரண்டு விஷயம்தான் தெரியும்: நீளமானது, கடைசியில் இரண்டு பூஜ்யம் இருக்கிறது. ஆனால் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் இதற்கு எத்தனை காரணிகள், அவற்றைக் கூட்டினால் என்ன வரும், இது வர்க்க எண்ணா, எந்தெந்த எண்களால் மீதியில்லாமல் வகுபடும் என்று எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிடலாம். எட்டாம் வகுப்பு வரை படித்த கணக்கு போதும். மறந்துபோயிருந்தாலும் கவலையில்லை, வேண்டியதை அங்கங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்த எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. கேம்பிரிட்ஜுக்குப் போன அடுத்த ஆண்டு, 1915-இல், ராமானுஜன் லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிகமான காரணிகளைக் கொண்ட எண்களைப் பற்றியது அது. அவற்றை உயர் பகு எண்கள் என்கிறோம். 6746328388800 வரை அப்படிப்பட்ட 102 எண்களைக் கணக்கிட்டு அட்டவணையாகக் கொடுத்திருந்தார். கணினி இல்லாத காலம். அந்த எல்லைக்குள் அட்டவணையில் இடம்பெறாமல் போனது ஒரே ஓர் எண். அதுதான் 293318625600.

ஒரு தாள், பேனா, கடைகளில் வைத்திருப்பார்களே அந்த 12 இலக்கக் கால்குலேட்டர், இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம். எட்டு இலக்கக் கால்குலேட்டர் இதற்குப் பற்றாது. கால்குலேட்டரையும் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையால் வகுத்துப் பார்த்தால்தான் எண்ணின் உள்கட்டமைப்பு மனதில் பதியும்.

முதல் வேலை: எண்ணை இரண்டு விதமாக எழுதுங்கள்

நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 2,93,31,86,25,600. படித்தால் 29 ஆயிரத்து 331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. எண்ணின் அளவை உணர இந்த முறைதான் நமக்கு வசதி.

ஆராய்வதற்கு வேறொரு முறை வேண்டும். வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 293 | 318 | 625 | 600. லட்சம், கோடிக் காற்புள்ளியை வைத்துக்கொண்டு கீழே வரும் 1001 சோதனையைச் செய்தால் விடை தப்பாகிவிடும். அதனால் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதிக்கொள்ளுங்கள். இலக்கங்களையும் ஒருமுறை எண்ணிவிடுங்கள், பன்னிரண்டு இருக்க வேண்டும். பெரிய எண்களில் தவறு பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை, எண்ணைப் பெயர்த்து எழுதும்போதுதான் வருகிறது.

வகுக்காமலே சொல்லக்கூடியவை

கடைசி இரண்டு இலக்கம் 00. ஆகவே 100-ஆல் வகுபடும். 100 என்பது 2² × 5² ஆதலால் இரண்டு 2-உம் இரண்டு 5-உம் உடனே கையில் வந்துவிட்டன.

அப்புறம் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 2+9+3+3+1+8+6+2+5+6+0+0 = 45. இது 9-ஆல் வகுபடுவதால் முழு எண்ணும் 9-ஆல் வகுபடும். 10, 100, 1000 என்று எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1 தான். எனவே ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும் அதன் இலக்கக் கூட்டுத்தொகையை வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூட்டுத்தொகை 45 என்பதை வைத்து 9-ஆல் வகுபடும் என்று மட்டும்தான் சொல்லலாம். 27-ஆல் வகுபடுமா, 81-ஆல் வகுபடுமா என்பதை அது சொல்லாது. அதற்கு ஒருமுறை வகுத்துவிட்டு, வந்த ஈவின் இலக்கங்களை மறுபடி கூட்ட வேண்டும்.

இனிமேல் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. ஆயிரம் என்பது 1001-ஐவிட ஒன்று குறைவு. ஆயிரம் ஆயிரம், அதாவது பத்து லட்சம், 1001 × 999 என்பதைவிட ஒன்று கூடுதல். இப்படி ஒன்று குறைவு, ஒன்று கூடுதல் என்று மாறி மாறிப் போகும். ஆகவே மும்மூன்று இலக்கத் தொகுதிகளை வலப்பக்கத்திலிருந்து கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல் என்று எடுத்துக்கொண்டால், முழு எண்ணை 1001-ஆல் வகுத்தால் வரும் மீதி கிடைத்துவிடும்.

600 − 625 + 318 − 293 = 0.

பூஜ்யம்! ஆக, இந்த எண் 1001-ஆல் மீதியில்லாமல் வகுபடும். 7, 11, 13 மூன்றும் ஒரே வரியில் அகப்பட்டுக்கொண்டன. விடை பூஜ்யமாக இல்லாமல் வேறு ஏதாவது வந்திருந்தால், அந்தச் சின்ன எண்ணை 7, 11, 13 ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும். இந்தச் சோதனையைப் பழகிக்கொண்டால் பெரிய எண்களைப் பார்த்து வரும் மிரட்சி பாதி போய்விடும்.

பகாக் காரணிகளாகப் பிரித்தல்

கிடைத்ததைக் கொண்டு இப்போது எண்ணைச் சுருக்கிக்கொண்டே போகலாம். எது எளிதோ அதை முதலில் வெளியே எடுப்பதுதான் நல்ல வழக்கம்.

293318625600 ÷ 1001 = 293025600
293025600 ÷ 100 = 2930256

இந்த ஏழு இலக்க எண்ணின் கூட்டுத்தொகை 27. ஆகவே மறுபடி 9-ஆல் வகுக்கலாம்.

2930256 ÷ 9 = 325584

இதன் கூட்டுத்தொகையும் 27. இன்னொரு முறை வகுக்கலாம்.

325584 ÷ 9 = 36176

இங்கே கூட்டுத்தொகை 23. இது 3-ஆல் வகுபடாது, ஆகவே 3-இன் கதை முடிந்தது. மொத்தம் நான்கு 3. அடுத்து 2-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள்: 36176, 18088, 9044, 4522, 2261. நான்கு முறை வகுத்தபின் ஒற்றைப்படை எண் வந்து நின்றுவிட்டது. 100-இல் ஏற்கெனவே இரண்டு 2 எடுத்ததையும் சேர்த்தால் ஆறு 2.

2261-ஐ என்ன செய்வது? 7-ஆல் வகுத்தால் 323. ஆக, இரண்டாவது 7-உம் கிடைத்தது. 323 பார்ப்பதற்குப் பகா எண் மாதிரியே இருக்கும், புதிதாக வருகிறவர்கள் பலர் இங்கேதான் ஏமாறுவார்கள். 18-இன் வர்க்கம் 324. அதிலிருந்து 1-ஐக் கழித்தால் 323. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்றால் உடனே பிரித்துவிடலாம்: (18 − 1) × (18 + 1) = 17 × 19. ஒரு எண் பகா எண்ணோ என்று சந்தேகம் வந்தால், அதற்குச் சற்று மேலே இருக்கும் வர்க்க எண்ணை எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். அந்த வித்தியாசமும் வர்க்கமாக இருந்தால் வேலை முடிந்தது.

எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

மேலே போகும் முன் ஒருமுறை திரும்பப் பெருக்கிப் பார்த்துவிடுங்கள். 64, 5184, 129600, 6350400, 69854400, 908107200, 15437822400, 293318625600. ஒவ்வொரு படியும் இப்படியே வந்தால் சரி.

இந்த ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இதற்குப் பிறகு அந்தப் பன்னிரண்டு இலக்கங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே வராது. அடுக்குகளாக எழுதிய 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்ற எட்டுச் சிறிய எண்களை வைத்தே மற்ற எல்லாப் பண்புகளையும் வரவழைக்கலாம். ஒரு முழு எண்ணின் குணம் அதன் நீளத்தில் இல்லை, இந்த அடுக்குகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

எத்தனை காரணிகள்?

சிறிய எண்ணில் முதலில் பார்ப்போம். 12 = 2² × 3. இதன் காரணி எதுவானாலும் அதில் 2 பூஜ்யம் முறையோ, ஒரு முறையோ, இரண்டு முறையோ வரலாம், மூன்று வழி. 3 வரலாம் அல்லது வராமல் இருக்கலாம், இரண்டு வழி. பெருக்கினால் 6. உண்மையில் 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள்தான். ஆக விதி இதுதான்: ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டி, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும்.

நம் எண்ணுக்கு 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. முதல் நான்கின் பெருக்கல் 315, கடைசி நான்கின் பெருக்கல் 16. மொத்தம் 5040 காரணிகள்.

இது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று உணர ஓர் ஒப்பீடு வேண்டும். 1 முதல் ஓர் எண் வரையுள்ள எல்லா எண்களுக்கும் சராசரியாக எத்தனை காரணிகள் இருக்கும் என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கணித அறிஞர் டிரிஷ்லே ஒரு வாய்பாடு தந்தார். அந்த எண்ணின் இயல் மடக்கையோடு (அறிவியல் கால்குலேட்டரில் ln பொத்தான் தருவது) ஏறக்குறைய 0.15-ஐக் கூட்டினால் போதும். 293318625600-இன் இயல் மடக்கை சுமார் 26.4. ஆகவே அதுவரை உள்ள எண்களின் சராசரி 27-க்கும் சற்றுக் குறைவு. சராசரி 27 கூட இல்லாத இடத்தில் இந்த ஒரு எண் 5040 காரணிகளோடு நிற்கிறது.

5040 என்ற எண்ணும் சாதாரணமானது அல்ல. 1 முதல் 7 வரை பெருக்கினால் வருவது 5040. கிரேக்க அறிஞர் பிளேட்டோ தன் இலட்சிய நகரத்தில் இத்தனை குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று இந்த எண்ணைத்தான் குறிப்பிட்டார். 1 முதல் 10 வரை எதனாலும் வகுபடுவதால் நிலத்தையும் பொறுப்புகளையும் பங்கிட வசதி என்பது அவர் சொன்ன காரணம். 5040-க்கு 60 காரணிகள், 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. இந்த ஐந்தும் உயர் பகு எண்களே. மணிக்கு 60 நிமிடம், ஆண்டுக்கு 12 மாதம், வட்டத்துக்கு 360 பாகை என்று நாம் புழங்கும் அளவுகளில் இந்தக் குடும்பத்து எண்கள் நிறைய உண்டு.

காரணிகளில் ஒற்றைப்படை எத்தனை என்று கேட்டால், 2-ஐச் சேர்க்காமல் விடுவது ஒரே வழி. ஆகவே 5040-ஐ 7-ஆல் வகுக்க வேண்டும்: 720. மீதி 4320-உம் இரட்டைப்படை.

எந்த எண்கள் இதை வகுக்கும்?

5040 காரணிகளையும் பட்டியல் போட வேண்டியதில்லை. ஓர் எண்ணைக் கொடுத்தால் அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கும் நம் அடுக்கைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 48 = 2⁴ × 3, வகுக்கும். 125 = 5³, நம்மிடம் இரண்டு 5 மட்டுமே, வகுக்காது. 46 = 2 × 23, நம்மிடம் 23 இல்லை, வகுக்காது.

இப்படிப் பார்த்துக்கொண்டே வந்தால் 1 முதல் 22 வரை எல்லா எண்களும் இதை வகுக்கின்றன. முதலில் தடுமாறுவது 23. 50 வரை போனால் 23, 29, 31, 37, 41, 43, 46, 47 ஆகிய எட்டு மட்டும் வகுக்காது, மற்ற 42-உம் வகுக்கும். 1 முதல் 22 வரை எல்லாவற்றின் மீச்சிறு பொது மடங்கு 232792560. நம் எண் அதைப்போல் சரியாக 1260 மடங்கு.

வர்க்க எண்ணா?

வர்க்க எண் என்றால் எல்லா அடுக்கும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். இங்கே 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு முறைதான் வருகிறது. ஆகவே வர்க்க எண் இல்லை. வர்க்கமூலம் சுமார் 541589, ஆனால் முழு எண் அல்ல. இதனால் ஒரு வசதி: காரணிகள் எல்லாமே ஜோடி ஜோடியாக நிற்கும், ஒன்று 541589-க்குக் கீழே, அதன் துணை மேலே. மொத்தம் 2520 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியின் பெருக்கலும் நம் எண்ணே. ஆகவே எல்லாக் காரணிகளையும் பெருக்கினால் நம் எண்ணை 2520 தடவை பெருக்கியதாகும். அப்படி வரும் எண்ணுக்கு 28,898 இலக்கங்கள்.

இரட்டைப்படை அடுக்குகளை மட்டும் தனியே எடுங்கள்: 2⁶ × 3⁴ × 5² × 7² = 6350400. இதன் வர்க்கமூலம் 8 × 9 × 5 × 7 = 2520. ஆக

293318625600 = 2520² × 46189

46189 என்பது 11 × 13 × 17 × 19. ஜோடிகளின் எண்ணிக்கை 2520, உள்ளே ஒளிந்திருக்கும் வர்க்கத்தின் மூலமும் 2520. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை, தற்செயலாக அமைந்ததுதான். ஆனாலும் இதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வரும்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இந்த எண்ணை எழுத முடியுமா? முடியாது. 4-ஆல் வகுத்தால் 3 மீதி வரும் பகா எண்கள் (3, 7, 11, 19 போன்றவை) இரட்டைப்படை அடுக்கில் வந்தால் மட்டுமே அது சாத்தியம். இங்கே 11-உம் 19-உம் ஒற்றை அடுக்கில் நிற்கின்றன. மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும். முழு எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம், 46189-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 213² + 28² + 6² = 45369 + 784 + 36 = 46189. மூன்றையும் 2520-ஆல் பெருக்கினால் 536760² + 70560² + 15120² = 293318625600. பெரிய எண்ணில் தேட வேண்டியதை அதன் சிறிய பகுதியில் தேடி எடுத்துக்கொண்டோம். காரணிப்படுத்தியதன் பலன் இது.

கூட்டுத்தொகையும் சார்பகா எண்களும்

காரணிகளின் கூட்டுத்தொகைக்கு, ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதன் அடுக்குகளைத் தனித்தனியே கூட்டிப் பிறகு பெருக்க வேண்டும். 1+2+4+8+16+32+64 = 127. 1+3+9+27+81 = 121. 5-க்கு 31, 7-க்கு 57. மற்ற நான்குக்கும் 12, 14, 18, 20. எல்லாவற்றையும் பெருக்கினால் 1642243014720. நம் எண்ணைப்போல் ஏறத்தாழ 5.6 மடங்கு. எண்ணையே கழித்துவிட்டாலும் 4.6 மடங்கு மிஞ்சும். எண்ணையே கழித்தபின் மிஞ்சும் காரணிகளின் கூட்டுத்தொகை இப்படி எண்ணைத் தாண்டிப் போனால் அது மிகை எண். இது அந்த வகையில் பெருஞ்செல்வன்.

இதன் மறுபக்கமும் உண்டு. 1 முதல் 293318625600 வரை, இதோடு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி எதுவும் இல்லாத எண்கள், அதாவது சார்பகா எண்கள், 50164531200. அதாவது நூற்றுக்கு 17-ஐச் சற்றுத் தாண்டும். மற்ற எல்லாவற்றோடும் ஏதாவது ஒரு பகா எண்ணில் இதற்கு உறவு இருக்கிறது.

உயர் பகு எண் என்று எப்படி உறுதிசெய்வது?

இதுதான் முக்கியமான கட்டம், நிதானமாகப் போகலாம். 5040 காரணிகள் என்பது மட்டும் போதாது. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 5040 காரணிகளோ அதற்கு மேலோ இல்லை என்று காட்ட வேண்டும். முப்பதாயிரம் கோடிக்குக் கொஞ்சம்தான் குறைவான எண்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது ஆகாத காரியம். அது தேவையும் இல்லை.

காரணிகளின் எண்ணிக்கை அடுக்குகளை மட்டுமே சார்ந்தது, எந்தப் பகா எண் என்பதைச் சார்ந்ததல்ல. ஆகவே ஓர் எண்ணில் 19 இல்லாமல் 23 இருந்தால், 23-ஐ எடுத்துவிட்டு 19-ஐப் போடுங்கள். காரணிகள் குறையாது, எண் சிறியதாகிவிடும். அதேபோல் 3-இன் அடுக்கு 2-இன் அடுக்கைவிட அதிகமாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றுங்கள், எண் சுருங்கும். எனவே போட்டியில் நிற்கத் தகுதியான எண்கள், 2-இலிருந்து தொடங்கி இடையில் எதையும் விடாமல் வரிசையாகப் பகா எண்களைக் கொண்டவை, அடுக்குகளும் ஏறாமல் இறங்கிக்கொண்டே வருபவை. 6, 4, 2, 2, 1, 1, 1, 1 அப்படித்தான் இருக்கிறது. ராமானுஜன் தன் கட்டுரையில் இன்னொன்றையும் காட்டினார்: 4, 36 ஆகிய இரண்டைத் தவிர எல்லா உயர் பகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 தான்.

இனி எத்தனை பகா எண்கள் வரலாம் என்று பாருங்கள். முதல் பன்னிரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 7420738134810, நம் எல்லையைத் தாண்டிவிடுகிறது. பதினொன்றைப் பெருக்கினால் 200560490130, இது உள்ளே இருக்கிறது. ஆனால் இன்னொரு 2-ஐச் சேர்க்கக்கூட இடம் இல்லை, காரணிகள் 2048 மட்டும். பத்துப் பகா எண்கள் என்றால் பெருக்கல் 6469693230, இன்னும் 45 மடங்கு வரை பெருக்க இடம் இருக்கிறது. அந்த இடத்தை நன்றாகப் பயன்படுத்துவது 36-ஆல் பெருக்குவது, அப்போது 4096 காரணிகள். ஒன்பது பகா எண்கள் என்றால் சிறந்தது 240940299600, அதற்கு 4800 காரணிகள். எட்டுக்கு வரும்போதுதான் நம் எண், 5040. ஏழுக்கு இறங்கினால் எண்ணிக்கை மறுபடி குறைகிறது. பகா எண்களைக் கூட்டுவதா, இருக்கிறவற்றின் அடுக்கை உயர்த்துவதா என்ற இழுபறியில், இந்த அளவில் எட்டில்தான் சமநிலை கிடைக்கிறது.

ஒவ்வொரு படியிலும் மடங்குகளை எழுதிப் பார்த்து நீங்களே சரிபார்க்கலாம். ஒன்பது பகா எண்களின் பெருக்கல் 223092870, அதை 1314 மடங்கு வரை பெருக்கலாம். 720, 1080, 1200, 1260, 1296 என்று முயன்று பாருங்கள், 1080-தான் வெல்லும்.

இதே விஷயத்தைப் பரிமாற்றமாகவும் பார்க்கலாம். 23-ஐ உள்ளே கொண்டுவந்து, ஈடாக எதையாவது வெளியே அனுப்புங்கள். வெளியே போவது 23-ஐவிடப் பெரியதாக இருந்தால்தான் எண் சிறியதாகும். 24-ஐ அனுப்பினால் 4608 காரணிகள், 25 என்றால் 3360, 27 என்றால் 4032, 28 என்றால் 4800, 30 என்றால் 4608. எதுவும் 5040-ஐ எட்டவில்லை. இதில் 28-ஐ அனுப்பி வரும் எண்தான் மேலே பார்த்த 240940299600, உயர் பகு எண்களின் வரிசையில் நம் எண்ணுக்கு நேர் முன்னால் இருப்பது. மாறாக 21-ஐ வெளியே அனுப்பினால் எண் கொஞ்சம் பெரிதாகி 321253732800 ஆகும். 5376 காரணிகளோடு வரிசையில் அடுத்து நிற்பது அதுதான். முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு எண்களுமே 23 உள்ளே வந்தவை, நடுவே நிற்கும் நம் எண்ணில் மட்டும் 23 இல்லை.

உயர் பகு எண்களைப் பற்றிய அந்த 1915 கட்டுரைக்காகத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு ஆய்வின் அடிப்படையில் இளங்கலைப் பட்டம் வழங்கியது. கணிதக் கழகத்துக்கு அப்போது பணமுடை இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதியை அச்சிட முடியாமல் போயிற்று. அந்தப் பகுதியை நிக்கோலா, ரோபின் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் குறிப்புகளுடன் 1997-இல் வெளியிட்டார்கள்.

கணினியில் செய்யும்போது

கைக்கணக்கு பழகியபின் கணினிக்குப் போகலாம். நம் எண் இரும எண்முறையில் 39 இலக்கம், கடைசியில் ஆறு பூஜ்யங்கள், காரணம் 2⁶. ஆகவே 32 பிட் (32 இரும இலக்க) முழு எண்ணில் இது அடங்காது. சி, ஜாவா போன்ற மொழிகளில் சாதாரண முழு எண் வகையில் போட்டால் தவறான விடை வரும். 64 பிட் வகையைப் பயன்படுத்துங்கள். பைதான் மொழியில் இந்தத் தொல்லை இல்லை. எக்செல் கட்டத்தில் தட்டினால் 2.93319 என்று தொடங்கும் சுருக்க வடிவில் காட்டும். எண் உள்ளே முழுமையாகத்தான் இருக்கிறது, கட்டத்தின் வடிவத்தை மாற்றினால் எல்லா இலக்கமும் தெரியும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ‘ஃபேக்டர்’ என்ற கட்டளை இருக்கிறது, எண்ணைக் கொடுத்தால் நொடியில் பிரித்துவிடும்.

எல்லா எண்ணும் இவ்வளவு எளிதாக வழிவிடாது. நம் எண்ணின் மிகப் பெரிய பகாக் காரணியே 19 தான், அதனால்தான் கையால் முடிந்தது. இதோடு 1-ஐக் கூட்டுங்கள்: 293318625601. 2 முதல் 19 வரை எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் மீதி 1. மேலே சொன்ன சோதனை எதுவும் உதவாது. 23-இலிருந்து தொடங்கி, காரணி அகப்படும் வரை, தேவைப்பட்டால் 541589 வரை போக வேண்டும். இதே கஷ்டத்தை நம்பித்தான் இணையப் பாதுகாப்பின் ஒரு பகுதி நடக்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி உருவாக்கிய 250 இலக்க எண் ஒன்றை 2020-இல் பிரித்தார்கள், அதற்கு ஏராளமான கணினிகளின் உழைப்பு வேண்டியிருந்தது.

பயிற்சிக்கு 6746328388800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண். மும்மூன்றாகப் பிரித்தால் 6 | 746 | 328 | 388 | 800. வலப்பக்கத்திலிருந்து 800 − 388 + 328 − 746 + 6 = 0, ஆகவே இங்கேயும் 1001 வேலை செய்யும். மேலே செய்ததையே வரிசையாகச் செய்தால் பாதை கொஞ்ச தூரத்திலேயே பழக்கமானதாக மாறும். கடைசியில் 323-க்குப் பதிலாக 7429 மிஞ்சும். அதை 17-ஆல் வகுத்தால் 437, 437 என்பது 19 × 23. விடுபட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் வருவதுதான் அட்டவணையின் கடைசி எண், அதற்குக் காரணிகள் 10080.